விட்டதும் விடுபட்டதும்

 

வெளிநாட்டுப் பயணம் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. நம் பாட்டனார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறினார்கள். நம் தந்தையர் வளைகுடா நாடுகளுக்கு விமானமேறினார்கள். இன்று நம் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். எந்த வீடாயினும் புறப்படும் நாளில் நடப்பது ஒன்றுதான். பெட்டியைத் தூக்கித் தராசில் வைக்கிறார்கள். விமானத்தார் அனுமதித்த எடையைவிட இரண்டு கிலோ கூடுதலாக இருக்கும். உம்மா ஆசையோடு வைத்த ஊறுகாயை மகன் எடுத்து வெளியில் வைப்பான். அவன் முகம் கழுவப் போன நேரத்தில் உம்மா அதை மீண்டும் உள்ளே வைப்பார்.

எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று பெட்டியைப் பற்றி நாம் இவ்வளவு யோசிக்கிறோம். ஆனால் எந்தப் பெட்டியிலும் அடங்காத சாமான்கள் சில உண்டு. பத்து வருடம் பழகிய ஒரு கலை, ஒருவருக்குக் கொடுத்த ஒரு வார்த்தை, உள்ளத்தில் வளர்ந்த ஒரு பெருமை, பிறருக்குப் பட்ட ஒரு கடன். இவற்றில் எது நம்மோடு வருகிறது, எது ஊரில் கிடக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

மனிதன் ஊரை விட்டுப் போகிறான். பிரியமான ஒன்று அவன் கையை விட்டுப் போகிறது. அவன் அதை விட்டானா, அல்லது அது அவனிடமிருந்து விடுபட்டுப் போயிற்றா? இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அல்லாஹ்விடத்தில் இரண்டும் ஒன்றாகுமா? இதுவே இக்கட்டுரையில் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி. இதை எளியேனுக்குக் கற்றுக் கொடுத்தது என் தவறு ஒன்று என்பதால், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

துஆ வாங்கிச் சென்ற இளைஞர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அஸருக்குப் பின், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் பள்ளிவாசலில் என்னைச் சந்திக்க வந்தார். ஒன்பது வயது முதல் சிலம்பம் கற்றவர். மீலாது ஊர்வலத்திலும் திருமண ஊர்வலத்திலும் அவர் கம்பு சுற்றினால் தெருவே நின்று பார்க்கும். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று போய்ப் பதக்கங்கள் வாங்கியவர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது, இனி இந்தக் கலைக்கு நல்ல காலம் என்று நம்பி மகிழ்ந்த பல்லாயிரம் பிள்ளைகளில் அவரும் ஒருவர்.

ஆனால் வீட்டு நிலைமை வேறாக இருந்தது. தங்கையின் திருமணத்திற்காக வாப்பா வாங்கிய கடன் நின்றுகொண்டிருந்தது. கத்தாரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். மூன்று வாரத்தில் புறப்பட வேண்டும்.

“ஹஸ்ரத், சிலம்பத்தை விட்டுட்டேன். இன்னொன்றும் இருந்தது. அதையும் விட்டுட்டேன்” என்றார். அந்த இன்னொன்று, கல்லூரியில் உடன் படித்த பக்கத்து ஊர்ப் பெண். நம் சமுதாயத்துப் பிள்ளைதான். மூன்று வருடப் பழக்கம். இரு வீட்டாருக்கும் தெரியாது. “அது ஹராமான பழக்கம்ன்னு புரிஞ்சிருச்சு. அல்லாஹ்வுக்காக ஒன்றை விட்டால் அதைவிடச் சிறந்ததை அவன் தருவான்னு நீங்க ஜும்ஆவில் சொன்னீங்களே, அந்த நிய்யத்தோட போறேன். துஆச் செய்யுங்க.”

என் உள்ளம் குளிர்ந்தது. என் பயான் ஒரு வாலிபரைத் திருத்திவிட்டதென்று நினைத்தேன். “மாஷா அல்லாஹ், தம்பி! அல்லாஹ் பரக்கத் செய்வான்” என்று தலையில் கை வைத்து துஆச் செய்து அனுப்பினேன். “அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லியிருந்தாய்? இப்போது என்ன சொல்லிவிட்டு வந்தாய்?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து வந்தவர்

எட்டு மாதம் சென்றது. ஒருநாள் மஃரிபுக்குப் பின், அறுபது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். எல்லோரும் எழுந்து போகும்வரை தூணோரம் அமர்ந்திருந்தார். பிறகு மெல்லப் பேசினார்.

“ஹஸ்ரத், என் மகளுக்கு இரண்டு சம்பந்தம் வந்துச்சு. ரெண்டும் நல்ல இடம். வேண்டாம்ன்னுட்டா. காரணம் கேட்டா அழுகைதான். போன வாரம்தான் அவ உம்மாகிட்ட வாயைத் திறந்திருக்கா. உங்க மஹல்லாப் பையனாம். நிக்காஹ் செஞ்சுக்கிறேன்னு வாக்குக் கொடுத்திருக்கான். அவன் கத்தாருக்குப் போனதே இவளுக்கு அடுத்தவங்க சொல்லித்தான் தெரியுமாம். நம்பரையும் மாத்திட்டானாம். எனக்கு அவன்மேல வழக்கு ஒன்றுமில்லை, ஹஸ்ரத். தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு. அவன் வர்றானா, வரலையா? அந்த ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும்.”

எழுந்து நின்றவர், போகும்போது இன்னொன்றும் சொன்னார். “உங்ககிட்ட துஆ வாங்கிட்டுத்தான் போனான்னு சொன்னாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

அவர் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் இளைஞரின் வாப்பாவிடம் எண்ணை வாங்கிப் பேசினேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “விட்டுட்டேன்னுதான் நினைச்சேன், ஹஸ்ரத்” என்றார். பேசப் பேச உண்மை வெளிவந்தது. எண்ணை மாற்றினாரே ஒழிய, அந்தப் பெண்ணின் படத்தைக் கைபேசியிலிருந்து அழிக்கவில்லை. இரவில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கம்பை ஊரில் வைத்துவிட்டுப் போனாரே ஒழிய, பதக்கங்களை எடுத்துப் போயிருக்கிறார். அறைத்தோழர் ஒருவர் அவற்றைக் கேலி செய்தபோது கையோங்கி, முகத்தில் அடித்தும் இருக்கிறார்.

அப்போதுதான் எளியேனுக்கு விளங்கிற்று. விட வேண்டியதை அவர் எடுத்துச் சென்றிருந்தார். எடுத்துச் செல்ல வேண்டியதை விட்டுச் சென்றிருந்தார். அதற்கு நான் துஆவும் செய்து அனுப்பியிருந்தேன்.

எதற்காக விட்டாய்?

அல்லாஹ்வுக்காக விடப்படும் எதற்கும் பகரமாக அதைவிடச் சிறந்ததை அவன் தருவான் என்ற கருத்துள்ள ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் வந்துள்ளது. நாம் அடிக்கடி மேடையில் சொல்வதுதான். ஆனால் அதன் நடுவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அல்லாஹ்வை அஞ்சி விடுவதைப் பற்றியே நாயகம் (ஸல்) அவர்கள் அங்கே பேசுகிறார்கள். கையிலிருந்து எது போனாலும் சரி என்று அவர்கள் சொல்லவில்லை. கடலில் விழுந்த மோதிரத்தைத் தர்மம் செய்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் நாம் ஏற்போமா? பயணச்சீட்டு வந்த பிறகு தானாகவே தொடர முடியாமல் போன ஒன்றை ‘அல்லாஹ்வுக்காக விட்டேன்’ என்று கணக்கில் எழுதுவதும் அது போன்றதே.

ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸை நாமெல்லோரும் அறிவோம். உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது. செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தே அமைகின்றன. ஒருவர் எதை நாடி ஹிஜ்ரத் செய்தாரோ அதுவே அவருக்குரிய ஹிஜ்ரத் ஆகும். உம்மு கைஸ் என்ற பெண்ணை மணப்பதற்காக மதீனாவுக்கு வந்த ஒருவரை மக்கள் ‘உம்மு கைஸின் முஹாஜிர்’ என்றே அழைத்தார்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி உண்டு. இந்த நிகழ்ச்சியினால்தான் அந்த ஹதீஸ் கூறப்பட்டது என்பதற்கு ஆதாரமில்லை என ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் குறிப்பிட்டுள்ளார்கள். எனினும் நமக்குரிய பாடம் தெளிவாகவே உள்ளது. மக்காவிலிருந்து மதீனாவுக்கு வந்தவர் அனைவரும் நடந்தது ஒரே பாதைதான். ஆனால் ஒவ்வொருவரின் பயணமும் அவரவர் உள்ளத்திலிருந்த திசையை நோக்கியே எழுதப்பட்டது.

ஒருவர் ஊருக்கு வருவதற்கே இந்த அளவுகோல் என்றால், ஒன்றை விட்டுப் போவதற்கும் அதே அளவுகோல்தானே? அல்லாஹ்வுக்காக விட்டவரும் உண்டு. வசதிக்காக விட்டவரும் உண்டு. நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு, விமானத்தின் மறைவில் ஒளிந்துகொண்டவரும் உண்டு. மூவரும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியேறுகிறார்கள்.

கம்பில் எதை விடுவது?

முதலில் சிலம்பத்தை எடுத்துக்கொள்வோம். வீர விளையாட்டு என்றாலே மார்க்கத்திற்குப் புறம்பானது என்று நினைப்போர் நம்மில் இருக்கிறார்கள். அது சரியன்று. பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டிகளைக் கொண்டு விளையாடினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் போதும் என்னும் வரை பார்த்து மகிழத் துணை நின்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது உள்ளது. பலமுள்ள முஃமின், பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானவர் என்றும், ஆனாலும் இருவரிடமும் நன்மை உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிமில் வந்துள்ளது.

இவற்றைவிட வியப்பான ஒரு செய்தி உண்டு. உக்பத் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் முதிய வயதிலும் இரண்டு இலக்குகளுக்கிடையே மாறி மாறி நடந்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். “இந்த வயதில் இவ்வளவு சிரமம் ஏன்?” என்ற கருத்தில் ஒருவர் கேட்டார். நாயகத்திடம் ஒரு வார்த்தை கேட்டிராவிட்டால் தாம் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டிருக்க மாட்டோம் என்று அவர்கள் பதிலளித்தார்கள். அம்பெய்தலைக் கற்றபின் அதைக் கைவிட்டவரை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள் என்பதே அந்த வார்த்தை. முஸ்லிம் ஷரீஃபில் உள்ள இந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள், தக்க காரணமின்றிக் கற்ற கலையை மறந்து போக விடுவது மிகவும் வெறுக்கத்தக்கது என்று கூறுகிறார்கள்.

அம்புக்குச் சொல்லப்பட்டதை அப்படியே கம்புக்குச் சட்டமாக்க எளியேன் துணியவில்லை. ஆயினும், அல்லாஹ் ஒருவருடைய கைகளில் பதினைந்து வருட உழைப்பால் அமைத்துக் கொடுத்த திறமை ஓர் அமானிதம் என்பதில் ஐயமுண்டா?

அப்படியானால் சிலம்பத்தில் விட வேண்டியது எது? கைத்தட்டல் கேட்காவிட்டால் வாடிப்போகும் அந்தப் பெருமையை விட வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதையும், கற்பித்தவர் முன் ருகூஉ அளவுக்குக் குனிவதையும் விட வேண்டும். நண்பரைச் சந்திக்கும்போது குனியலாமா என்று கேட்கப்பட்டதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூடாது என்று கூறியது திர்மிதியில் உள்ளது. முகத்தைத் தாக்குவதை விட வேண்டும். சண்டையிட்டாலும் முகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள கட்டளை. உடலுக்கு விளையும் பெருங்கேட்டினால், மக்காவிலுள்ள ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹுப் பேரவை 1987ஆம் ஆண்டு தனது பத்தாவது அமர்வில் குத்துச்சண்டையைத் தடைசெய்யப்பட்டது என்று தீர்ப்பளித்தது. தொழுகை நேரத்தை விழுங்கும் போட்டியையும், சூதாட்டம் கலந்த பந்தயத்தையும் விட வேண்டும்.

மக்களை வீழ்த்துபவர் பலசாலி அல்லர். கோபம் வரும்போது தம்மை அடக்கிக்கொள்பவரே பலசாலி என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் சிறு வயதிலேயே மனனம் செய்கிறோம். அந்த இளைஞர் எத்தனையோ பேரை வென்றவர். அறைத்தோழரின் ஒரு கேலியிடம் தோற்றுப் போனார். கம்பு ஊரிலேயே கிடந்தது. ஆனால் கம்பு எடுத்தவனின் கர்வம் அவரோடு விமானமேறிவிட்டது. உடலை அடக்கும் பயிற்சியை விட்டுவிட்டு, உள்ளத்தின் ஆட்டத்தை மட்டும் உடன் கொண்டுபோனால் அதற்குப் பெயர் துறவா?

பழக்கம் வேறு, வாக்கு வேறு

இப்போது இரண்டாவதற்கு வருவோம். இதுதான் கடினமானது.

அந்நிய ஆணும் பெண்ணும் மறைவில் பழகுவது கூடாது என்பதில் இரு கருத்தில்லை. அதை அவர் விட்டது சரியே. ஆனால் அந்தப் பழக்கத்தின் உள்ளே ஒரு வாக்கு இருந்தது. ‘உன்னை நிக்காஹ் செய்துகொள்கிறேன்’ என்ற வாக்கு. பழக்கம் ஹராம். நிக்காஹோ ஹலால். ஹராமான இடத்தில் நின்று சொல்லப்பட்டதால் ஹலாலான ஒரு வாக்கு காற்றில் கரைந்து போகுமா? பாவத்தை விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வாக்கையும் சேர்த்து விட்டுவிடுவது எத்தனை எளிதாக இருக்கிறது, பாருங்கள்! நஃப்ஸ் எப்போதும் இப்படித்தான். ஒரு கடமையிலிருந்து தப்பிக்க இன்னொரு கடமையின் போர்வையைப் போர்த்திக்கொள்ளும்.

வாக்களித்தால் மீறுவது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். வாக்கை நிறைவேற்றுவது கட்டாயமா, வலியுறுத்தப்பட்டதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தக்க காரணமின்றி மீறுவதை எவரும் நல்லதென்று சொல்லவில்லை. காரணம் இருக்குமானால் அதை உரியவரிடம் சொல்லி விடுதலை கேட்பதற்கு வாய் இருக்கிறது. அந்த வாய்க்கு ஏன் பூட்டுப் போட வேண்டும்?

தவ்பாவின் நிபந்தனைகளை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் வகுத்துக் கூறியுள்ளார்கள். பாவம் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டதானால் நிபந்தனை மூன்று: அதை விட்டு விலகுவது, செய்ததற்கு வருந்துவது, இனி அதன் பக்கம் திரும்புவதில்லை என உறுதி கொள்வது. ஆனால் அதில் இன்னொரு மனிதரின் உரிமை கலந்திருந்தால் நான்காவதாக ஒன்று உண்டு. அந்த உரிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது மன்னிப்புப் பெற வேண்டும். நம் இளைஞர் மூன்றைக் கணக்கிட்டார். நானும் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். நான்காவது, பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் எட்டு மாதமாக அழுதுகொண்டிருந்தது.

மனித வரலாற்றிலேயே மாபெரும் பயணம் எது? ஹிஜ்ரத்! உயிருக்கே ஆபத்து சூழ்ந்த இரவு அது. அந்த இரவிலும் நாயகம் (ஸல்) அவர்கள், மக்கத்து மக்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்திவிட்டே புறப்பட்டார்கள். அவர்கள் மூன்று நாட்கள் தங்கி, எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகே மதீனா சென்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஊரே பகையாகி நின்றது. அவர்களுடைய பொருள்தானே என்று யாரும் நினைக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் ‘இஹ்யா’வில் பயணத்தின் ஒழுக்கங்களைச் சொல்லும்போது, பிறர் உரிமைகளைத் திருப்பிக் கொடுப்பதையும், கடனைத் தீர்ப்பதையும், அமானிதங்களை ஒப்படைப்பதையும் முதலிலேயே வைக்கிறார்கள். பணத்துக்குத்தான் இந்தச் சட்டமா? ஒரு பெண் தன் வரன்களைத் திருப்பி அனுப்பிக் காத்திருக்கும் வருடங்கள் அமானிதத்தில் சேராதா?

“ஹஸ்ரத், அவளிடம் பேசினால் அது மீண்டும் அந்தப் பாவத்தைத் தொடங்குவதாகாதா?” என்று இளைஞர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மறைவில் பேச வேண்டாம். பேசுவதற்கு மார்க்கம் வாசல் வைத்திருக்கிறது. உம்மாவோ உடன்பிறந்தவளோ சென்று பெண் கேட்கலாம். பழையதை அவிழ்த்துச் சொல்லி அந்தப் பிள்ளையின் மானத்தைக் கெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மணக்க இயலாத நிலை என்றாலும் அதே வழியில் ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்தால் போதும். காத்திருக்க வேண்டாம் என்பதும் ஒருவருக்குச் செலுத்த வேண்டிய கடன்தான்.

வந்த பதில்

அந்த இளைஞர் அழுதார். பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார். படத்தை அழித்தார். தம் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வாப்பாவும் உம்மாவும் பக்கத்து ஊருக்குப் போனார்கள். மகன் தவறு செய்துவிட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒப்பந்தம் முடியும் வரை மகன் வர இயலாது. சம்மதமானால் வகீல் வைத்து இப்போதே நிக்காஹ் செய்யலாம். இல்லையேல் பிள்ளைக்கு எந்தக் கட்டும் இல்லை என்று முறையாகக் கேட்டார்கள்.

தகப்பனார் மகளிடம் கேட்டார். அவள் மூன்று நாள் அவகாசம் கேட்டாள். பிறகு வேண்டாம் என்றாள்.

இங்கே பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற அவர்களுக்கு, அடிமையாயிருந்த கணவர் முகீஸுடன் தொடரவும் பிரியவும் உரிமை கிடைத்தது. அவர்கள் பிரிவைத் தேர்ந்தார்கள். முகீஸோ தாடி நனையக் கண்ணீர் வடித்தபடி மதீனத் தெருக்களில் அவர்கள் பின்னே நடந்தார். அதைக் கண்டு இரங்கிய நாயகம் (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பிச் செல்லக் கூடாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று அவர்கள் வினவ, பரிந்துரைதான் என்றார்கள் நாயகம் (ஸல்). அப்படியானால் எனக்கு அவர் வேண்டாம் என்று பரீரா (ரலி) சொல்லிவிட்டார்கள். புகாரியில் உள்ள இந்நிகழ்ச்சியில், அழுத ஆணை நாயகம் அவர்கள் இகழவில்லை. மறுத்த பெண்ணை வற்புறுத்தவுமில்லை.

எங்களுக்கு வந்த பதிலை அந்தப் பெரியவர்தான் தொலைபேசியில் சொன்னார். “வேண்டாமாம், ஹஸ்ரத். கோபமெல்லாம் இல்லைன்னுட்டா. பொறுத்துக்கிட்டேன்னு சொல்லச் சொன்னா.” சற்று நிறுத்தி, “இப்பதான் நல்லாத் தூங்குறா” என்றார்.

இளைஞருக்கு அந்தப் பதில் வலித்தது. வலிக்கத்தான் செய்யும். ஆனால் இம்முறைதான் அவர் உண்மையில் ஒன்றை விட்டார். முன்பு அவர் விட்டது தம் கையிலிருந்து நழுவியதை. இப்போது, கேட்டால் கிடைக்கக்கூடும் என்ற நிலையில், உரியவரின் முடிவுக்குத் தலைவணங்கி அல்லாஹ்வுக்காக விட்டார். தாம் அடித்த அறைத்தோழரிடமும் மன்னிப்புக் கேட்டார். அந்த அறைத்தோழரே பின்னர் அவரிடம் சிலம்பம் கற்க முன்வந்தார் என்பது அல்லாஹ்வின் ஏற்பாடு. கம்பு கிடைக்காத இடம். துடைப்பத்தின் நீண்ட கழியை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் தங்குமிடத்தின் பின்புறம் நான்கைந்து பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். பார்க்கக் கூட்டமில்லை. பதக்கமும் இல்லை. “இப்பதான் ஹஸ்ரத், சிலம்பம்னா என்னன்னு கொஞ்சம் தெரியுது” என்றார்.

நாம் செய்ய வேண்டியது

பயணம் புறப்படும் இளைஞர்களே! பெட்டியை நிறுக்கும் முன் ஒரு இரவு தனித்திருந்து உங்களை நிறுத்துப் பாருங்கள். எதை அல்லாஹ்வுக்காக விடுகிறேன், எது தானாகவே விடுபடுகிறது, எதை விட எனக்கு உரிமையே இல்லை என்று மூன்றாகப் பிரியுங்கள். முதலாவதற்குக் கூலியை எதிர்பாருங்கள். இரண்டாவதற்குப் பொறுமை கொள்ளுங்கள். மூன்றாவதைத் தீர்த்துவிட்டுப் புறப்படுங்கள். கடல் கடந்தால் கடன் கரைந்துவிடாது.

பெற்றோர்களே! பிள்ளையின் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். அவன் எதை விட்டுப் போகிறான் என்றும் கேளுங்கள். குடும்பத்தின் கடனைத் தீர்க்கத் தன் பிரியமான கலையை விட்டுப் போகும் பிள்ளையிடம், அந்தத் தியாகம் உங்களுக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

என்னைப் போன்ற ஆலிம்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். துஆக் கேட்டு வருபவரிடம் துஆச் செய்யுமுன் ஒரு கேள்வி கேட்போம். “நீ விட்டுப் போவதில் வேறு யாருக்கேனும் பங்குண்டா, தம்பி?” அந்த ஒரு கேள்வியை நான் அன்று கேட்டிருந்தால், ஒரு பெண்ணின் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும். அந்தப் பாரம் அந்த இளைஞருடையது மட்டுமல்ல என்பதை எண்ணும் போதெல்லாம் எளியேன் இஸ்திக்ஃபார் செய்துகொள்கிறேன்.

யா அல்லாஹ்! நாங்கள் விட வேண்டியதை உனக்காக விடவும், காக்க வேண்டியதை உனக்காகக் காக்கவும், பிறருக்குரியதை உரிய நேரத்தில் ஒப்படைக்கவும் எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! அயல்நாடுகளில் உழைக்கும் எங்கள் சகோதரர்களின் ஈமானையும் உடலையும் உள்ளத்தையும் பாதுகாப்பாயாக! ஊரில் காத்திருப்போரின் கண்ணீருக்கு எங்களைக் காரணமாக்கி விடாதிருப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.